பதினேழாம் நம்பரின் வலது முழங்கால்

நாற்பது ஜோடி ஈரக் காலுறைகளுக்கு அடியில் குறுகிப் படுத்திருந்த கொழுந்தனுக்கு மூச்சை அடக்குவதில் சிரமமே இல்லை. இழுப்பதில்தான் சிரமம்.

"ஆடாதே," என்றாள் மேலே இருந்து அண்ணி, உதடு அசையாமல்.

"நான் ஆடல அண்ணி. வண்டிக்கு ஒரு சக்கரம் கோணல்."

"சாக்ஸ் பேசாது."

"இந்த நாத்தத்துக்குப் பேசினாலும் ஆச்சரியமில்ல."

தள்ளுவண்டி நின்றது. வாட்ச்மேனின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். மூடாவிட்டாலும் தெரிந்திருக்கப் போவதில்லை.

"என்னம்மா, வழக்கமா வண்டி தள்ளுற ஆளு எங்க?"

"டீ குடிக்கறார்."

"நீ புதுசா?"

"இடுப்பு வலிக்கிற அளவுக்குப் பழசு."

"என்ன இவ்வளவு கனமா தள்ளறே?"

"வேர்வைக் கனம்."

"இவனுங்களுக்கா வேர்வை?" வாட்ச்மேன் சிரித்தார். "லீக்ல பதினாலாவது இடத்துல இருக்கோம். போ, போ."

கேட் திறந்தது. சாயம் போன நீல ஏப்ரனைப் பார்த்தாரே தவிர, அதற்கு மேலே இருந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் பயிற்சி மைதானத்துக்கு வெளியே அநாதையாக நின்ற அந்த வண்டியில் மாட்டியிருந்தது ஒரே ஒரு ஏப்ரன். அதனால்தான் கொழுந்தன் காலுறையாக உள்ளே போக வேண்டியதாயிற்று.

மணி மூன்று இருபது. ஆறு மணிக்குள் ஒரு ஆளைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் ஒரு குடும்பம் மூட்டை கட்ட வேண்டும்.

எல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்கு, கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை அலுவலகத்தில் தொடங்கியது.

அண்ணியின் கணவர் கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல். போகும்போது அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனவை இரண்டு: ஒரு பழைய கார், ஒரு தம்பி. இரண்டும் காலையில் தள்ளினால்தான் கிளம்பும். அண்ணி பதினைந்து வருஷம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து மனுக்களைத் துருவிப் பார்த்தவள். மேலாளரின் மச்சான் கடையில் நடந்த தீ விபத்தையும் அதே அக்கறையோடு துருவிவிட்டதால் தனியாகத் தொழில் தொடங்க வேண்டி வந்தது. துணைக்குக் கொழுந்தன். துப்பறிவது அவள் வேலை, துணுக்கு உதிர்ப்பது அவன் வேலை என்று யாரும் சொல்லாமலேயே பிரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்டது. அண்ணி பேனாவை மூடினாள்.

"வர்றவருக்கு வலது முழங்கால் போயிடுச்சு."

"எப்படி அண்ணி?"

"ஒவ்வொரு படிக்கும் இடது காலைத்தான் முதல்ல வெக்கிறார். வலது கால் பின்னாலயே இழுபடுது. கேளு."

கதவு திறந்தது. கொழுந்தன் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

வந்தவர் பதினேழு. சட்டையில் போட்டுக்கொள்ளும் எண்ணே பெயராகிப்போன கால்பந்துக்காரர். தென்னமெரிக்காவிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் உள்ளூர் கிளப்புக்கு ஆட வந்தவர். கடைசி இரண்டு வருஷமாக ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம். ஆனாலும் 'பதினேழு மட்டும்' என்ற பக்கத்தில் அவரைப் பின்தொடர்கிறவர்கள் முப்பது லட்சம் பேர். அதில் ஒருவன் இப்போது நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"நான் பிரபலம்," என்றார் பதினேழு, உட்கார்ந்ததும். கற்றுக்கொண்ட மொழி. வினைச்சொல் கிடைத்தால் போடுவார், கிடைக்காவிட்டால் கையை அசைப்பார். "ஏன் பிரபலம், எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் யாருது, தெரியாது. இன்னிக்கு, பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். அந்தப் பக்கத்தின் காலைப் பதிவு: 'இன்று மாலை ஆறு மணிக்குக் கடைசிப் பதிவு. பதினேழின் வலது முழங்கால் பற்றிய உண்மை வெளியிடப்படும்.'

"கிளப்புல யாருக்கும் இது தெரியாதா?" என்றாள் அண்ணி.

"பெஞ்சுல உட்கார்ந்தா முழங்கால் தெரியாது, மேடம்."

பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோப்பைக்கான இறுதி ஆட்டம். அன்று காலையில் கிளப் டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்து, ஆடக் கூடாது என்றார். பதினேழு அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்: யாரிடமும் சொல்லாதீர்கள், இந்த ஒரு ஆட்டம். டாக்டர் பதில் சொல்லாமல் போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. பதினேழு ஆடினார், ஒரு கோல் போட்டார், கோப்பை வந்தது, முழங்கால் போனது. அடுத்த மாதமே டாக்டர் வெளிநாடு போய்விட்டார்.

"நான் கிளப்பை ஏமாத்தினேன். கோச்சை ஏமாத்தினேன். ரெண்டு வருஷமா ஒளிச்சு வெக்கிறேன்." கைகளைப் பார்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல பத்து மணி, நிர்வாகக் குழு. இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம். சட்டை போடத் தெரிஞ்சா போதும், உனக்கு முப்பது லட்சம் பேர் இருக்காங்கன்னு சொல்றாங்க. ஆனா முழங்கால் தெரிஞ்சா, அனுப்பிடுவாங்க. என் பொண்ணுக்கு ஏழு வயசு. இங்கதான் எழுதப் படிச்சா. கனவுல இந்த மொழிதான் பேசறா. நான் அவளை எங்க..." கை அசைந்தது. வினைச்சொல் வரவில்லை.

அவர் போன பிறகும் கொழுந்தன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். போன மனிதர் மாடிப்படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதும், மூக்கை உறிஞ்சினார் என்பதும் இருவருக்குமே கேட்டது. இருவருமே கேட்காத மாதிரி இருந்தார்கள்.

"நீ எதுக்கு இவரை ஃபாலோ பண்றே?" என்றாள் அண்ணி.

"தவளைக்காக."

மைதானத்தின் நடுவில் வந்து உட்கார்ந்த ஒரு தவளையைப் பதினேழு இரண்டு கையிலும் ஏந்திக் கோட்டுக்கு வெளியே விடுகிற எட்டு விநாடிப் படம். கீழே எழுதியிருந்தது: 'ஆஃப்சைடு. நடுவர் பார்க்கலேன்னாலும் நாங்க பார்த்தோம்.' அடுத்தது, பெஞ்சில் அவர் வாயைத் திறந்து தூங்குவது: 'எழுப்பாதீங்க. உள்ளே ஆடிட்டிருக்கார்.' அதற்கடுத்தது, அவர் தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்கி வருவது: 'கோல் போட பத்துப் பேர் இருக்காங்க. தாகம்னா ஒருத்தர்தான்.' கோலே இல்லாத கால்பந்து. ஆனால் எவனோ ஒருவன் ஓர் இடத்தில் சிரித்தால் அடுத்தவன் என்னவென்று எட்டிப் பார்க்கிறான். அப்படியே எட்டிப் பார்த்துப் பார்த்து முப்பது லட்சம்.

அண்ணி ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு ஒரு பதிவில் விரலை வைத்தாள்.

'ஆட்டம் முடிஞ்சதும் சாக்ஸைச் சுருட்டி எறியாம, நீட்டிப் போடுற ஒரே மனுஷன். இதுக்கே ஒரு கோப்பை கொடுக்கலாம்.'

"இது யார் எழுதினதுன்னு நினைக்கிறே?"

"ரசிகன்."

"ரசிகன் கோலைப் பார்ப்பான். ரசிகை முகத்தைப் பார்ப்பா. கழட்டிப் போட்ட சாக்ஸ் சுருண்டிருக்கா நீண்டிருக்கான்னு பார்க்கறது யாரு?" அண்ணி அவன் காலைப் பார்த்தாள். "உன் சாக்ஸை ரெண்டு வருஷமா விரலை விட்டுப் பிரிச்சு மெஷின்ல போடறேன். இதை எழுதினவங்க விரல்ல என்ன வலின்னு எனக்குத் தெரியும்."

கொழுந்தன் மரியாதையாகக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பதிவு போட்ட நேரத்தையும் பாரு. ஒன்பது பத்து. பத்து ரெண்டு. பத்து அம்பத்துநாலு. எந்த நாளை எடுத்தாலும் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அம்பத்திரண்டு நிமிஷம். எந்த வேலைல அம்பத்திரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கை காயும்?"

அப்படித்தான் கொழுந்தன் காலுறைகளுக்கு அடியில் வந்து சேர்ந்தான்.

சலவை அறை ஸ்டேடியத்தின் கிழக்கு கேலரிக்கு அடியில் இருந்தது. நான்கு பெரிய மெஷின்கள். மூன்று உறுமின, ஒன்று இருமியது. சோப்பு வாசனையும் ஆவியும் சேர்ந்து ஜன்னலில்லாத அந்த இடத்தை ஒரு பெரிய கெட்டிலின் உட்புறம் மாதிரி ஆக்கியிருந்தன. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, சுருண்ட காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பிரிக்கத் தொடங்கினாள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பன்னிரண்டாவது ஜோடியில் அவள் கை நின்றது.

"யாருப்பா உள்ள? மூச்சு விடுற சாக்ஸை நான் இதுவரைக்கும் துவைச்சதில்ல."

கொழுந்தன் எழுந்து நின்றான். காதில் ஒரு காலுறை தொங்கியது. பெரியம்மா அதை எடுத்து, பிரித்து, மெஷினில் போட்டாள். பிறகுதான் அண்ணியைப் பார்த்தாள்.

"திருட வந்தீங்கன்னா தப்பான அறை. கோப்பை மேல் மாடில இருக்கு."

"'பதினேழு மட்டும்' பக்கத்துக்காக வந்தோம்," என்றாள் அண்ணி. சாக்ஸ் பதிவையும் ஐம்பத்திரண்டு நிமிஷத்தையும் சொன்னாள். நான்காவது மெஷினின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 52 என்று ஒளிர்ந்து, 51 ஆகிக்கொண்டிருந்தது.

பெரியம்மா மறைக்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து விரிசல் விட்ட ஒரு கைப்பேசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எழுதறது நான். அதுல எனக்கு வெக்கம் இல்ல. அந்தத் தவளைக்கு மட்டும் ஆறு லட்சம் லைக்."

"நான்தான் முதல் ஆள்," என்றான் கொழுந்தன்.

"எல்லாரும் அப்படித்தான்பா சொல்றாங்க."

"இன்னிக்குக் காலைல போட்டதை மட்டும் நீங்க எழுதல," என்றாள் அண்ணி. "'உண்மை வெளியிடப்படும்'னு நீங்க எழுத மாட்டீங்க. அது மிரட்டல் கடிதம் மாதிரி இருக்கு."

"நானும் அதையேதான் சொன்னேன். கேட்டாத்தானே. எழுத வராதவங்களுக்கு எழுத ஆசை வந்தா இப்படித்தான்." பெரியம்மா பெருமூச்சு விட்டாள். "படம் எடுக்கறது வேற ஆளு. கடைசிப் பதிவு அவர் முடிவு. யாருன்னு கேக்காதீங்க, வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பதினேழு எங்க மாடிப்படில உட்கார்ந்து அழுதுட்டுப் போனார்மா."

பெரியம்மாவின் கையில் இருந்த காலுறை பாதி பிரிந்த நிலையில் நின்றது. "அந்தப் பிள்ளையா?"

"மகளைக் கூட்டிக்கிட்டு ஊர் போகணுமேன்னு."

ஒரு மெஷின் சுழற்சி முடிந்து நின்றது. பெரியம்மா கையில் இருந்த காலுறையை முழுதாகப் பிரித்துக் கீழே வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா இங்க துவைக்கிறேன். பாக்கெட்ல கிடைச்சதையெல்லாம் வெளில சொல்லியிருந்தா இந்த கிளப்புல பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. மீதிப் பேருக்கு நிலைச்சிருக்காது. வாக்குன்னா வாக்குதான்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எழுத்தைப் பார்த்து என்னைப் பிடிச்சீங்க இல்ல? படத்தைப் பார்த்து அவரையும் பிடிங்க. நீங்களா பிடிச்சா நான் சொன்னதா ஆகாது. அடுத்த ரவுண்டுக்கு அம்பத்தொண்ணு நிமிஷம் இருக்கு. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். கொழுந்தனின் கைப்பேசியில் தவளை நான்காவது தடவையாகக் காப்பாற்றப்பட்டது. தூக்கம் ஐந்தாவது தடவையாகக் கலையாமல் இருந்தது.

"ஒண்ணுமே தெரியல அண்ணி. எடுத்தவன் நிழல்கூட விழல. கண்ணாடில பிம்பம் இல்ல. குரல் இல்ல. பேயா இருக்கும்."

"பதினேழையே பார்த்துட்டிருந்தா ஒண்ணும் தெரியாது. அவருக்குப் பின்னாடி பாரு."

கொழுந்தன் திரையை விரித்துப் பெரிதாக்கினான். தவளைக்குப் பின்னால் கோல்கீப்பர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரிலேயே பெரிய சோம்பேறி என்று பேர் வாங்கியவர். தூக்கத்துக்குப் பின்னால் மூன்று பேர் முதுகு நிமிர்ந்து, நாட்டுப்பண் பாடுகிறவர்கள் மாதிரி நின்றார்கள். தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் கேப்டன் எதையோ சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நிறுத்திப் பார்த்தால் பிஸ்கட். எந்தப் படத்தைப் பார்த்தாலும் பதினேழைத் தவிர மற்ற எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"இவ்வளவு ஒழுங்கா ஆடறவங்க எதுக்கு பதினாலாவது இடத்துல இருக்காங்க?"

"கேமரா இல்லாதப்ப இப்படி ஆடறதில்ல, அதனால." அண்ணி வாளியை முன்னால் இழுத்தாள். "பெரியம்மா கைல கேமரா இருந்தா இவங்க என்ன பண்ணுவாங்க?"

"கோணங்கித்தனம் பண்ணுவாங்க. நாக்கை நீட்டுவாங்க."

"பத்திரிகைக்காரன் எடுத்தா?"

"முடியைச் சரி பண்ணுவாங்க."

"கிளப் தலைவர்?"

"கை குலுக்க ஓடி வருவாங்க." கொழுந்தன் நிறுத்தினான். "இவங்க ஓடி வரல அண்ணி. ஓடிப் போறாங்க."

"பிஸ்கட்டை யாருக்கு ஒளிப்பாங்க?"

கொழுந்தனின் வாய் திறந்தது. வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"விசில்," என்றான்.

விசில் என்றால் கோச். முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பேர். முன்னால் யாருக்கும் பேர் சொல்லக்கூடத் தைரியம் கிடையாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் எல்லோருடைய கைப்பேசியையும் வாளியில் போட்டு மூடி வைக்கிறவர். தான் வைத்திருப்பது பட்டன் போன். 'முப்பது லட்சம் பேரால் ஒரு பந்தைத் தடுக்க முடியுமா?' என்று பேட்டி கொடுத்தவர். பதினேழைத் தொடர்ச்சியாக பெஞ்சில் உட்கார வைத்ததும் அவரேதான். பக்கத்தின் பின்னூட்டங்களில் அவரைத் திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. கொழுந்தனும் இரண்டு தடவை திட்டியிருக்கிறான், வேறு பெயரில்.

"அவர் எதிரி அண்ணி. எதிரி எதுக்கு..."

"பயிற்சியைப் படம் எடுத்துப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எந்தக் கோச்சுக்கும் உண்டு. மைதானத்துல அவர் கைல கேமரா இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

பெரியம்மா திரும்பி நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி வெளியே வந்ததும் பதினேழுக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னாள். கோச் பயிற்சிப் படங்களைப் போட்டுப் பார்க்கும் அறை தரைமட்டத்துக்குக் கீழே ஏழு படி இறங்கினால் வரும். அவர்கள் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டியபோது மணி ஐந்தரை.

விசில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, கத்தரித்த புல் மாதிரித் தலைமுடி. முன்னால் ஒரு சிறிய கேமரா, அதிலிருந்து கழற்றிய நகம் அளவு மெமரி அட்டை.

"யார் நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

"சாக்ஸோட சாக்ஸா," என்றான் கொழுந்தன்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. பிஸ்கட்டைச் சொன்னாள், தண்டாலைச் சொன்னாள். "கேமராவைக் கேப்டன் கைல கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா உங்களை யாராலயும் பிடிச்சிருக்க முடியாது."

விசிலின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து, இடம் பழக்கமில்லாததால் போய்விட்டது.

"அப்ப பெரியம்மா சொல்லல."

"சொல்லல. நீங்க சொல்லுங்க. ஒரு மனுஷனைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பிரபலமாக்கிட்டு, ஒரே நாள்ல எதுக்குக் கவுக்கறீங்க?"

"நான் கவுக்கல," என்றார். "நாளைக்குக் காலைல நிர்வாகக் குழு கையெழுத்துக்கு முன்னாடி முழங்காலுக்கு ஸ்கேன் கேக்கப் போறாங்க. நேத்துதான் தெரிஞ்சது. ஸ்கேன் எடுத்தா அவன் மறைச்சான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி உண்மை வரணும்."

"வந்தாலும் அனுப்பத்தானே போறாங்க?"

"அவனுக்குத் தெரிஞ்சது பாதி உண்மை."

கதவு திறந்து பெரியம்மா உள்ளே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நான்காக மடித்து, மடிப்புகளில் வெளுத்துப்போன ஒரு காகிதம்.

"கண்டுபிடிச்சுட்டாங்க இல்ல? இனிமே நான் பேசலாம்," என்றாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கோப்பை ஜெயிச்ச மறுநாள். மெஷின்ல போடறதுக்கு முன்னாடி இவர் பாக்கெட்டைத் துழாவறப்ப கிடைச்சது. படிச்சேன். நேரா வந்து இந்த மனுஷன் முன்னாடி நின்னேன். 'நீ இதுக்கு என்ன பண்ணப் போறே'ன்னு கேட்டேன். அப்புறம் நான்தான் சொன்னேன், தினமும் அந்தப் பிள்ளையை நாலஞ்சு படம் எடுத்துக் கொடுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்னு."

அண்ணி உறையைப் பிரித்தாள். காகிதத்தின் ஒரு பக்கத்தைப் படித்தாள். திருப்பினாள். மறுபக்கத்தைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. கொழுந்தன் எட்டிப் பார்ப்பதற்குள் பழைய மடிப்பிலேயே மடித்துவிட்டாள்.

"அண்ணி, நானும்..."

"இதை அடுத்துப் படிக்க வேண்டியவர் நீ இல்ல." அவள் விசிலைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, அதோடு வேறு ஏதோவும் இருந்தது. "பதினஞ்சு வருஷம் விபத்துக் காகிதம் பார்த்தவ சொல்றேன். இது வெளில வந்தா பதினேழை யாராலயும் அனுப்ப முடியாது. வைத்தியமும் பார்த்து, வேலையும் கொடுத்து வெச்சுக்கணும். ஆனா வேற ஒருத்தர் போவார்."

"பெட்டி கட்டியாச்சு," என்றார் விசில்.

"நேரா நிர்வாகக் குழுகிட்டயே கொடுக்கலாமே? எதுக்கு இந்தப் பக்கம், இந்தத் தவளை, ஆறு மணி?" என்று கேட்டான் கொழுந்தன்.

"குழுவுல ஏழு பேர்," என்றாள் பெரியம்மா. "ஏழு பேர் சேர்ந்து ஒரு காகிதத்தை அலமாரில வெச்சுப் பூட்டிடலாம். முப்பது லட்சம் பேர் பார்த்ததை எந்த அலமாரில வெப்பாங்க? எனக்கு ரசிகருங்க வேணாம்பா. சாட்சி வேணும். அதுக்குத்தான் ரெண்டு வருஷமா ஒவ்வொருத்தரா சிரிக்க வெச்சுக் கூட்டி வந்து உட்கார வெச்சேன்."

தவளைக்காக வந்த கொழுந்தன், தான் எந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்தான்.

வெளியே ஏழு படிகளில் காலடி ஒவ்வொன்றாக இறங்கியது. திறந்த கதவு வழியாகப் பதினேழு தெரிந்தார், பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியைப் பற்றி இறங்கிக்கொண்டிருந்தார். விசில் உடனே சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பழகிப்போன திரும்பல். இரண்டு வருஷமாக அந்த மனிதர் படி இறங்கும் போதெல்லாம் இவர் எங்கோ பார்த்திருக்கிறார்.

உள்ளே வந்த பதினேழு கோச்சைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"நீங்களா," என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"நாங்கதான்," என்றாள் பெரியம்மா.

அண்ணி குறுக்கே வந்து நின்றாள். "நீங்க என்கிட்ட வந்தது இதை நிறுத்தத்தான். இப்பவும் நிறுத்தலாம். முழங்கால் உங்களோடது. போடறதும் போடாததும் நீங்கதான் முடிவு பண்ணணும், இவங்க ரெண்டு பேரும் இல்ல." விசிலைப் பார்த்தாள். "முதல்லயே இவரைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்," என்றார் விசில் சுவரிடம்.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. பதினேழு காகிதத்தை வாங்கிப் பிரித்தார். மகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்துக்கள். ஒவ்வொன்றாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார்.

"வலது முழங்கால்... தசைநார்... பாதி கிழிந்துள்ளது. இன்று ஆடினால்... மீதியும் போகும். ஆட வைக்கக் கூடாது." நிமிர்ந்தார். "டாக்டர் எழுத்து. இது எனக்குத் தெரியும். அன்னிக்கு என்கிட்ட சொன்னார். நான் மறைச்சேன். தப்பு என்னோடது. கோச், மன்னிச்சிடுங்க, உங்களை நான்..."

"பின்பக்கம்," என்றார் விசில்.

பதினேழு திருப்பினார்.

இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து அசைந்தது. தெரிந்த எழுத்துக்கள்தான். தெரிந்த வார்த்தைகள்தான். ஆனாலும் மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து, வலது காலை நீட்டி உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"ரெண்டு வருஷம்," என்றார்.

"ஆமா," என்றார் விசில். இப்போது திரும்பி அவரையே பார்த்தார்.

"நான் தினமும்... உங்க முகத்தைப் பார்க்க வெக்கம்."

"எனக்கும்தான்."

பதினேழு கையை நீட்டினார். பெரியம்மா விரிசல் விட்ட கைப்பேசியைக் கொடுத்தாள். அவர் காகிதத்தை மேஜையில் பரப்பி, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தார்.

"என்னப்பா எழுதட்டும் கீழே?" என்றாள் பெரியம்மா. முதல் தடவையாக அவளுக்கு வாசகம் எதுவும் தோன்றவில்லை.

"ஒண்ணும் வேணாம்."

விரல் திரைமேல் சற்று நேரம் நின்றது. எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். விசில் மட்டும் மேஜைமேல் இருந்த தன் அறைச் சாவியை எடுத்து, வளையத்திலிருந்து கழற்றத் தொடங்கியிருந்தார்.

பதினேழு அழுத்தினார்.

கொழுந்தனின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. 'பதினேழு மட்டும்' பக்கத்தில் புதிய பதிவு. அவனோடு சேர்ந்து முப்பது லட்சம் பேர் அதே நொடியில் திறந்திருப்பார்கள். முதல் படத்தில் டாக்டர் எழுதியது. அடுத்ததில், வெளுத்த காகிதத்தின் பின்பக்கம், நீல மை, இறுதி ஆட்டத்தன்று போட்ட தேதி, ஊரே அறிந்த கோச்சின் கையெழுத்து. அதற்கு மேலே, அவசரத்தில் சாய்ந்துபோன ஒரே வரி:

'படித்தேன். தெரிந்தே இறக்குகிறேன்.'